அரசமைப்பைக் கற்றுத் தாருங்கள் என்று நீதிமன்றம் போன மாணவர்கள்: ரோட் ஐலண்ட் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2018 நவம்பர் மாதக் கடைசியில், அமெரிக்காவிலேயே பரப்பளவில் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் தலைநகர் பிராவிடன்ஸில், ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தாக்கலானது. வாதிகள் 14 பேர். அரசுப் பள்ளி மாணவர்களும், சின்னப் பிள்ளைகளின் சார்பில் பெற்றோர்களும். பிரதிவாதிகள் பட்டியலில் ஆளுநர், சபாநாயகர், கல்வித் துறைத் தலைவர் என்று மாநிலத்தின் பெரிய பதவிக்காரர்கள். குற்றச்சாட்டு இதுதான்: நாளை நாங்கள் வாக்களிக்க வேண்டும், ஜூரியில் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழுவில்) உட்கார வேண்டும். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை எங்கள் பள்ளிகள் சொல்லித் தரவில்லை. அரசமைப்புச் சட்டம் எங்களுக்குத் தந்த உரிமையை மாநிலம் பறித்துவிட்டது.

கட்டடம் ஒழுகுகிறது, பணம் போதவில்லை, வெள்ளையர் பள்ளியும் கறுப்பர் பள்ளியும் தனித்தனியாக இருக்கின்றன என்றெல்லாம் அமெரிக்காவில் பள்ளி வழக்குகள் நிறைய நடந்திருக்கின்றன. நாட்டின் அடிப்படை ஆவணத்தைச் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று பிள்ளைகளே வழக்குப் போட்டது புதிது. உயர்நிலைப் பள்ளியில் சுதந்திரப் பிரகடனத்தையும் அரசமைப்பையும் கட்டாயப் பாடமாக்க வேண்டுமா என்ற கேள்வி பல மாநிலச் சட்டமன்றங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த விவாதத்தில் அதிகம் கேட்காத குரல் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவருடையது. அதனால்தான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டேன்.

மனுவில் இருந்தது என்ன

அப்போது ரோட் ஐலண்டில் பள்ளி இறுதித் தேர்ச்சிக்குக் குடிமையியல் பாடம் கட்டாயம் இல்லை. மாநில அளவில் அதற்கென்று தேர்வும் இல்லை. கணக்குக்கும் வாசிப்புக்கும் தேர்வு உண்டு. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் பள்ளியின் பெயர் நிற்கும், விழும். தேர்வு இல்லாத பாடத்துக்கு நேரம் எங்கிருந்து வரும்? சமூக அறிவியலுக்கான மணி நேரம் மெல்ல மெல்லக் கரைந்தது. வசதியுள்ள ஊர்ப் பள்ளியில் மாணவர் மன்றம், பள்ளிப் பத்திரிகை, விவாத மேடை என்று வேறு வழிகள் இருக்கும். ஏழைப் பகுதிப் பள்ளியில் அவையும் அரிது. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். மனுவின் சாரம் இவ்வளவுதான்.

இந்த மனுவுக்குப் பின்னால் இருந்தவர் மைக்கேல் ரெபெல் என்ற வழக்கறிஞர், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் பேராசிரியர். அவருடைய பழைய வழக்கு ஒன்றைச் சொன்னால்தான் இந்த வழக்கின் தர்க்கம் பிடிபடும். நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குப் போதிய நிதி கேட்டுப் பல ஆண்டுகள் நடந்த வழக்கு அது. 1995-ல் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், மாணவர் பின்னாளில் வாக்களிக்கவும் ஜூரியில் பணியாற்றவும் தகுதி பெறும் அளவுக்கான கல்வியைத் தருவது அரசின் கடமை என்று சொன்னது. சரி, வாக்களிக்க எவ்வளவு தெரிய வேண்டும்? விசாரணை நீதிபதி லிலாண்ட் டிகிராஸ் அந்தக் கேள்வியை அந்தரத்தில் விடவில்லை. உண்மையில் வாக்காளர் கைக்கு வந்த வாக்குச்சீட்டுக் கேள்வியையும், ஜூரிகள் முன்னால் வைக்கப்படும் சான்றுகளையும் எடுத்து, இதைப் படித்துப் புரிந்துகொள்ள என்ன திறமை வேண்டும் என்று சாட்சிகளை வைத்து ஆராய்ந்தார். 2001-ல் வந்த அவருடைய தீர்ப்பின்படி, வரிக் கொள்கை, தேர்தல் நிதி, புவி வெப்பமாதல் போன்ற சிக்கலான விஷயங்களை எடைபோடத் தெரிந்தவரே திறமுள்ள வாக்காளர்.

எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை இது. குடிமைக் கல்வி என்றதும் எல்லோரும் தேசபக்தி, ஜனநாயகம் என்று பெரிய சொற்களுக்குத் தாவிவிடுகிறோம். டிகிராஸ் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். இதை ஒரு பதினெட்டு வயதுக்காரர் படித்தால் புரியுமா? அங்கிருந்து தொடங்கினார்.

ஏன் ஃபெடரல் நீதிமன்றம்

அமெரிக்காவில் கல்வி மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே கல்வி வழக்குகள் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்தில், மாநில அரசமைப்பை வைத்துத்தான் நடக்கும். ரோட் ஐலண்டில் அந்தக் கதவு இரண்டு முறை மூடியாகிவிட்டது. 1995-லும் 2014-லும் அந்த மாநில உச்ச நீதிமன்றம், கல்வியை நீதிமன்றம் மூலம் வற்புறுத்திப் பெறும் உரிமையை மாநில அரசமைப்பு தரவில்லை என்று சொல்லிவிட்டது. எஞ்சியது ஃபெடரல் வழி ஒன்றுதான். அதில் குறுக்கே நின்றது 1973-ம் ஆண்டின் ரோட்ரிகெஸ் தீர்ப்பு.

டெக்சஸின் சான் அந்தோனியோ நகரில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டம். 1967-68 கல்வியாண்டில் அங்கே ஒரு மாணவருக்குச் செலவானது 356 டாலர். அதே நகரின் வசதியான ஆலமோ ஹைட்ஸில் 594 டாலர். இது சமத்துவமா என்று பெற்றோர் கேட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், கல்வி ஃபெடரல் அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை இல்லை என்றது. ‘கல்வி’ என்ற சொல்லே அந்த ஆவணத்தில் கிடையாது என்பது உண்மைதான்.

ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல் ஓர் இடத்தில் ஒரு சந்து விட்டுவைத்தார். பேச்சுரிமையையும் வாக்குரிமையையும் அர்த்தமுள்ள வகையில் பயன்படுத்த ஏதோ ஒரு குறைந்தபட்சக் கல்வி அவசியம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் குறைந்தபட்சம்கூட இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்று இங்கே யாரும் காட்டவில்லை என்று எழுதினார். அப்படியானால், காட்டினால்? அந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இன்றுவரை நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 1986-ல் வந்த வேறொரு வழக்கிலும் அது இன்னும் தீராத கேள்வி என்று மட்டும் குறித்துவிட்டு நகர்ந்தது. ரோட் ஐலண்ட் பிள்ளைகள் நுழையப் பார்த்தது இந்தச் சந்துக்குள். அந்தக் குறைந்தபட்சக் கல்வி எதுவென்று எங்களுக்குத் தெரியும்; அது குடிமைக் கல்வி; அது எங்களுக்குக் கிடைக்கவில்லை என்றார்கள்.

இந்த வாதத்தோடு ஜூரி தொடர்பான 6, 7-ம் திருத்தங்களையும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியரசு முறை ஆட்சியை நாடு உறுதி செய்யும் என்கிற 4-ம் பிரிவையும் சேர்த்துக்கொண்டார்கள். குடிமக்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் குடியரசு எப்படி நிற்கும் என்ற கேள்வி அது. சட்டப்படி பலவீனமான வாதம் என்றாலும், படிக்கும்போது மனதில் நின்றது இதுதான்.

நீதிபதி ஸ்மித் எழுதியது

வழக்கு நீதிபதி வில்லியம் ஸ்மித் முன்னால் இருந்தபோது, 2020 ஏப்ரலில் ஒரு நம்பிக்கை தெரிந்தது. டெட்ராய்ட் மாணவர்கள் தொடுத்த வழக்கில், எழுதப் படிக்கத் தெரியும் அளவுக்கான அடிப்படைக் கல்வி அரசமைப்பு தரும் உரிமைதான் என்று 6-வது சரக (ஃபெடரல் நீதிமன்றப் பகுதிகளில் ஒன்று) மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. மே மாதமே அந்த வழக்கில் சமரசம் ஆனது. தொடர்ந்து முழு அமர்வு அந்தத் தீர்ப்பை இல்லாததாக்கிவிட்டது. கையில் கிடைத்த கிளை சில வாரங்களில் முறிந்தது.

2020 அக்டோபரில் ஸ்மித் வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆனால் வாதிகள் பக்கம் நின்று எழுதிய தள்ளுபடி போலத்தான் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டியிருக்கிறது. இதைச் சட்டத்தை இஷ்டத்துக்கு வளைக்கும் முயற்சியாகப் பார்க்கக் கூடாது, நம் தலைமுறை சரியாகப் பேணாத ஒரு நாட்டை நாளை ஏற்கப்போகும் இளைஞர்கள் உதவி கேட்டு எழுப்பும் குரல் என்று பார்க்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். அமெரிக்க ஜனநாயகம் ஆபத்தில் இருப்பதை இந்தப் பிள்ளைகள் உணர்ந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். முன்தீர்ப்புகள் தன் கையைக் கட்டியிருப்பதால் தன்னால் இதைத் தர முடியாது, செய்யும் அதிகாரம் உள்ளவர்கள் செய்வார்கள் என்று நம்புகிறேன் என்று முடித்தார்.

இந்தத் தள்ளுபடி எனக்கு வருத்தம் தந்தது. ஆனாலும் அவர் செய்தது சரி என்றே படுகிறது. ஒரு மாவட்ட நீதிபதி, பாடத்திட்டத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் குடிமையியல் வேண்டும் என்று எதை வைத்து அளப்பார்? கொஞ்சமும் சொல்லித் தரவில்லை என்று வாதிகளே சொல்லவில்லை. போதாது என்றுதான் சொன்னார்கள். போதுமா, போதாதா என்பதைத் தீர்மானிக்கும் வேலை சட்டமன்றத்துக்கும் கல்வித் துறைக்கும் உரியது. 2022 ஜனவரியில் முதல் சரக மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே சொல்லித் தள்ளுபடியை உறுதி செய்தது. குடிமைக் கல்வியின் அருமையை அந்த நீதிபதிகளும் மறுக்கவில்லை.

அதே இலையுதிர்காலத்தில் ஒரு வாக்குச்சீட்டு

தள்ளுபடி வந்த சில வாரங்களில், 2020 நவம்பர் தேர்தலில், ரோட் ஐலண்ட் வாக்காளர்கள் முன்னால் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் அதுவரை ‘ரோட் ஐலண்ட் அண்ட் பிராவிடன்ஸ் பிளான்டேஷன்ஸ் மாநிலம்’. அதிலிருந்து பின்பாதியை எடுத்துவிடலாமா? ‘பிளான்டேஷன்’ என்ற சொல் 17-ம் நூற்றாண்டில் புதுக் குடியேற்றத்தைக் குறித்தது. பின்னாளில் அடிமைகள் உழைத்த பண்ணைகளைக் குறிக்கும் சொல்லாகவே காதில் விழத் தொடங்கியது. நியூபோர்ட், பிரிஸ்டல் துறைமுக வணிகர்கள் அடிமை வணிகத்தில் கொழித்ததும் பழைய கணக்கில் இருக்கிறது. 2010-ல் இதே கேள்விக்கு மக்கள் பெருவாரியாக வேண்டாம் என்றிருந்தார்கள். 2020-ல் வேண்டும் என்றார்கள், பெயர் மாறியது.

இப்போது டிகிராஸ் செய்ததை நாமும் செய்து பார்ப்போம். இந்தக் கேள்வியை முதல்முறை வாக்களிக்கும் ஒருவர் கையில் கொடுங்கள். ஆம் என்பதா, இல்லை என்பதா என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அந்த மாநிலத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் என்ன உறவு, மாநில அரசமைப்பைத் திருத்த ஏன் மக்கள் வாக்கு வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அவர் தன் புத்தியால் முடிவெடுக்க முடியும். பாடத்தில் வராவிட்டால் விளம்பரமும் அக்கம்பக்கப் பேச்சும்தான் அவருக்கு ஆசிரியர்.

இதைவிட நெருக்கமாக ஒன்று. 1787 ஆகஸ்டில் பிலடெல்ஃபியா மாநாட்டின் ஒரு குழு தயாரித்த அரசமைப்பு வரைவு, ‘நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் அண்ட் பிராவிடன்ஸ் பிளான்டேஷன்ஸ் மாநிலங்களின் மக்களாகிய நாங்கள்’ என்று 13 மாநிலங்களையும் வரிசையாகச் சொல்லித் தொடங்கியது. செப்டம்பரில் வந்த இறுதி வடிவத்தில் அந்தப் பட்டியல் இல்லை. ‘ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாங்கள்’ என்று மட்டும் நின்றது. ஒன்பது மாநிலங்கள் ஏற்றாலே அந்த மாநிலங்களுக்குள் அரசமைப்பு நடைமுறைக்கு வரும் என்று 7-ம் பிரிவு சொல்லும்போது, எந்த ஒன்பது என்று யாருக்குத் தெரியும்? பதின்மூன்று பெயரையும் முன்கூட்டியே எழுதுவது எப்படி? அதிலும் ரோட் ஐலண்ட் அந்த மாநாட்டுக்குப் பிரதிநிதியே அனுப்பவில்லை.

அனுப்பாதது மட்டுமில்லை. 1788 மார்ச்சில் ரோட் ஐலண்ட் வேறெந்த மாநிலமும் செய்யாததைச் செய்தது. அரசமைப்பை ஊர்க் கூட்டங்களுக்கு அனுப்பி, வாக்குரிமை பெற்றிருந்தவர்களிடம் நேரடியாக வாக்கு கேட்டது. ஆதரவாளர்களில் பலர் வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். ஆதரித்தவர்கள் 237 பேர். எதிர்த்தவர்கள் 2,700-க்கும் மேல். 1790 மே 29-ல்தான், கடைசி மாநிலமாக, 34-க்கு 32 என்ற மயிரிழையில் அரசமைப்பை ஏற்றது. அதற்குள் வாஷிங்டன் பதவியேற்று ஓராண்டு ஓடிவிட்டது.

அந்த முகவுரையை ரோட் ஐலண்டின் ஒரு பதினோராம் வகுப்பில் இரண்டு வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துவதை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரின் பெயர் முதலில் இருந்தது, பிறகு போய்விட்டது, ஏன்? உங்கள் ஊர்க்காரர்கள் இதை ஏன் வேண்டாம் என்றார்கள்? அவர்களுடைய பயத்தில் நியாயம் இருந்ததா? எட்டிப் பிடிக்க முடியாத பெரியோர் எழுதிவைத்த வேதம் என்ற நினைப்பு அந்த மணி நேரத்திலேயே கலைந்துவிடும். சண்டை போட்டு, அடித்துத் திருத்தி, இரண்டே வாக்கு வித்தியாசத்தில் ஒப்புக்கொண்ட ஒரு காகிதம் அது. அப்படித் தெரிந்துகொண்ட பிள்ளைதான் அதை உரிமையோடு கையில் எடுக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கட்டாயம் என்றால் எந்தக் கட்டாயம்

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன என்று பார்த்தால் ‘கட்டாயம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் இருப்பது தெரியும்.

2015 ஜனவரியில் அரிசோனா ஒரு சட்டம் போட்டது. குடியுரிமை கேட்டு வரும் வெளிநாட்டவருக்கான தேர்வில் அப்போதிருந்த 100 கேள்விகளில் 60-க்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ். அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களுக்குப் பெயர் என்ன, மாநிலத்துக்கு எத்தனை செனட்டர்கள் என்ற மாதிரிக் கேள்விகள். பல மாநிலங்கள் இதைப் பின்தொடர்ந்தன. செலவு குறைவு, நடத்துவது எளிது, அளப்பதும் எளிது. கேள்வியும் பதிலும் முன்கூட்டியே வெளியில் கிடைக்கின்றன என்பதால், இரண்டு நாள் மனப்பாடம் செய்து தாண்டிவிடலாம் என்பதே இதில் உள்ள பெரிய ஓட்டை. ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலாம் என்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. தேர்வு வைத்தாயிற்று, கடமை முடிந்தது என்று பள்ளி கையைக் கழுவிக்கொள்ள இது வழி செய்து கொடுக்கிறது.

ஒகாயோ 2012-ல் வேறு பாதை எடுத்தது. சுதந்திரப் பிரகடனம், வடமேற்குப் பிரதேசச் சட்டம், உரிமைகள் சாசனத்துக்கு (முதல் பத்துத் திருத்தங்களுக்கு) அழுத்தம் தந்து நாட்டின் அரசமைப்பு, ஒகாயோவின் சொந்த அரசமைப்பு ஆகிய மூல ஆவணங்களையே படிக்க வேண்டும் என்றது. இதில் வடமேற்குப் பிரதேசச் சட்டத்தைச் சேர்த்தது நல்ல யோசனை. 1787-ல் வந்த அந்தச் சட்டம் ஒகாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றது. அதே ஆண்டு எழுதிய அரசமைப்போ ‘அடிமை’ என்ற சொல்லைச் சொல்லாமலே, அடிமைப்பட்டவர்களை ‘மற்ற நபர்கள்’ என்று குறித்து, ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வகுப்பில் கேள்வி தானாக வரும்.

இல்லினாய் 2015-ல் ஒரு செமஸ்டர் பாடத்தைக் கட்டாயமாக்கியது. மாசசூசெட்ஸ் 2018-ல், எட்டாம் வகுப்பிலும் உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்களே முன்னின்று நடத்தும் குடிமைச் செயல்திட்டம் ஒன்றை எல்லா அரசுப் பள்ளிகளும் தர வேண்டும் என்றது. டெக்சஸ் 2021-ல் நேர் எதிராகப் போனது: படிக்க வேண்டிய மூல ஆவணங்களைப் பட்டியல் போட்டுவிட்டு, சட்டமன்ற உறுப்பினர்களிடம் கோரிக்கை வைப்பது போன்ற வேலைகளுக்குப் பாட மதிப்பெண் தரக் கூடாது என்றது. ஆசிரியரின் அரசியல் பிள்ளைகள் மேல் ஏறிவிடும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் அடியோடு பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறைதீர்க்கக் கோரி அரசிடம் முறையிடும் உரிமை முதல் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியைப் படி, ஆனால் செய்து பார்க்காதே என்று ஒரு பதினேழு வயதுக்காரரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இத்தனை சட்டங்கள் வந்தும், 2022-ல் நடந்த தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 22 சதவீதம் பேர்தான் குடிமையியலில் தேர்ச்சி நிலையை எட்டினார்கள். 2018-ல் அது 24 ஆக இருந்தது. ஆசிரியருக்குப் பயிற்சி, கால அட்டவணையில் நேரம், அப்புறம் கையில் மூல ஆவணம். இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்காத கட்டாயம் சட்டப் புத்தகத்திலேயே தங்கிவிடும் என்பது என் முடிவு. இதில் ஒன்றைத்தான் தர முடியும் என்றால் ஆசிரியர் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பேன். மேலே சொன்ன முகவுரைப் பாடத்தை நடத்த, அந்த இரண்டு வரைவும் இருப்பது முதலில் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

கடைசியில் கிடைத்தது

வழக்கு தோற்றது. ஆனால் அது ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2021-ல், ரோட் ஐலண்ட் சட்டமன்றம் குடிமை அறிவுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நடுநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ ஒவ்வொரு மாணவருக்கும் மாணவரே முன்னின்று நடத்தும் குடிமைச் செயல்திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும். குடிமையியலில் தேர்ச்சியைக் காட்டவும் வேண்டும். வழக்கு இல்லாமலே இந்தச் சட்டம் வந்திருக்குமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள் என்ற செய்தி அந்தச் சின்ன மாநிலத்தில் சட்டமன்றத்தின் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது.

வாதிகளுக்கு எஞ்சியிருந்தது உச்ச நீதிமன்றம். போனால் ரோட்ரிகெஸ் தீர்ப்பின் அந்தச் சின்னச் சந்தும் நிரந்தரமாக அடைபட்டுவிடும் அபாயம் இருந்தது. 2022 ஜூனில் சமரசம் ஆனது. மேல்முறையீடு செய்வதில்லை என்று வாதிகள் ஒப்புக்கொண்டார்கள். மாநிலக் கல்வித் துறை, குடிமைத் தயார்நிலைக்கான பணிக்குழு ஒன்றை அமைத்து, குடிமைக் கல்வியை எப்படி வலுப்படுத்துவது என்று ஆலோசனை பெற ஒப்புக்கொண்டது.

வழக்குப் போட்டதிலிருந்து சமரசம் வரை மூன்றரை ஆண்டு. 2018 நவம்பரில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒருவர், பணிக்குழு அமைக்கலாம் என்று கையெழுத்தான அந்த ஜூன் மாதத்தில் பள்ளிப் படிப்பை முடித்து வெளியே வந்திருப்பார். அந்த ஆண்டு நவம்பரில் அவருக்கு முதல் வாக்குச்சீட்டும் காத்திருந்தது.